படிக்கட்டு கூரைக்கு வெளியே

ஆகஸ்ட் 3, ஞாயிறு

எங்கள் வீட்டில் நான்கு கணினிகள் இருக்கின்றன. நான்கிலும் ஓடுவது விண்டோஸ் இல்லை, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய லினக்ஸ். கரூரில் இப்படி இன்னொரு வீட்டைக் காட்டினால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று இருபது வருடமாகச் சொல்லி வருகிறேன். மீசை அப்படியே இருக்கிறது.

மகள் மிருதுளா புதன்கிழமை போபாலுக்குப் புறப்படுகிறாள். பி.ஆர்க். சேர்ந்திருக்கிறாள். கட்டடம் வரையும் படிப்பு, ஐந்து வருடம். அவளுக்கு வாங்கிய லேப்டாப்பில் கடைக்காரர் விண்டோஸ் போட்டுக் கொடுத்திருந்தார். பெட்டியைப் பிரித்த கையோடு அதைச் சுத்தமாகத் துடைத்தெறிந்துவிட்டு லினக்ஸை ஏற்றினேன்.

"காலேஜ்ல என்ன கேப்பாங்களோ, கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாங்களாப்பா?" என்றாள்.

"அவங்க கேக்கறதுக்கு முந்தி நாம சரியாப் போயிரோணும் கண்ணு" என்றேன். தலையாட்டினாள். சொன்னால் புரிந்துகொள்கிற பிள்ளை.

இன்னொரு வேலையும் முடிந்தது. நாங்கள் மூவரும் முகம் பார்த்துப் பேச என் சொந்த சர்வர். சீட்டுக்கட்டு அளவுதான் இருக்கும், ஃப்ரிட்ஜ் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஊரே வாட்ஸ்அப்பில் பேசுகிறது. நான் பேச மாட்டேன். அப்பனும் மகளும் பேசுவதற்கு நடுவில் எவனோ ஒரு கம்பெனிக்காரன் எதற்கு? மிருதுளா இரண்டு பாஸ்வேர்டு போட்டு, பிறகு ஓர் ஆறு இலக்க எண்ணைப் போட்டால் நேராக நம் வீட்டுக்குள் வந்துவிடலாம்.

"அப்பங்கிட்டப் பேசறதுக்கு பேங்க் லாக்கரா தொறக்கோணும்?" என்றாள் சுகந்தி. என் மனைவிக்குப் பாதுகாப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சர்வர் வழியாக முதல் பேச்சு. முழு வெற்றி.

படம் கண்ணாடி போல இருந்தது. குரல்தான் கொஞ்சம் பின்தங்கி வந்தது. "அப்பா, கேக்குதுங்களா?" என்று மிருதுளா கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுடைய மைக் அமைப்பில் ஒரு சின்னக் கோளாறு. எந்தக் கட்டளையை எங்கே தட்ட வேண்டும் என்று நான் சொல்லச் சொல்ல அவள் தட்டி, கடைசியில் சரிசெய்துவிட்டோம். ஏறக்குறைய முக்கால் மணி நேரம் பேசியிருப்போம். அறைத்தோழி எப்படி, சாப்பாடு எப்படி என்று கேட்க நினைத்திருந்தேன். அதற்குள் அவளுடைய ஹாஸ்டலில் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நான் வேலை பார்ப்பது பஸ்ஸுக்குக் கூண்டு கட்டும் கம்பெனியில். சேசிஸ் மட்டும் உள்ளே வரும், முழுப் பஸ்ஸாக வெளியே போகும். அலுவலகக் கணினிகள் எல்லாம் என் பொறுப்பு. போன வருடம் அத்தனையையும் லினக்ஸுக்கு மாற்றிக் காட்டினேன். முதலாளி என் தோளைத் தட்டி, "நாச்சிமுத்து, நீ எதோ பண்ற, ஆனா பண்ற" என்றார்.

அதிகம் முனகியவர் கணக்குப் பார்க்கும் லோகாம்பாள் அக்கா. "இது எனக்கு ஆகாதுங்க தம்பி, கை கூசுது" என்று தினமும் ஒரு பாட்டு. இப்போது சத்தமே இல்லை. பில்லெல்லாம் அச்சு அசலாக வருகிறது, அதுவும் முன்பைவிட வேகமாக. கற்றுக்கொடுக்கிற விதத்தில் கற்றுக்கொடுத்தால் ஐம்பத்து மூன்று வயதிலும் லினக்ஸ் வரும் என்பதற்கு அக்காவே சாட்சி. அடிக்கடி ஸ்டோர் ரூமுக்குப் போய் வருகிறார். மூட்டு வலிக்கு நடப்பது நல்லதுதான்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மிருதுளா அழைத்தாள். வகுப்பில் ஏதோ ஒரு வரைபட மென்பொருள் சொல்கிறார்களாம், அது விண்டோஸில்தான் ஓடுமாம். "எல்லாப் பிள்ளைங்களும் அதுலதான் பண்றாங்கப்பா. என்ன பண்றதுன்னு தெரியல" என்றாள்.

எனக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. இதற்குத்தானே காத்திருந்தேன். லினக்ஸில் அதே வேலையைச் செய்கிற மென்பொருள்கள் மூன்று இருக்கின்றன. உட்கார்ந்து படம் போட்டு, அம்புக்குறி போட்டு, கோப்பை எப்படி மாற்றிச் சேமிப்பது என்பதுவரை முழு வழிகாட்டி எழுதி அனுப்பினேன். சின்னப் புத்தகமே ஆகிவிட்டது. கல்லூரிக்கே பயன்படும், பேராசிரியரிடம் காட்டு என்றும் எழுதினேன்.

"சரிங்கப்பா" என்று பதில் வந்தது.

செப்டம்பர் 2, செவ்வாய்

சர்வர் நன்றாக ஓடுகிறது. அழைப்பு இல்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

போன் பற்றி எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். வெளிநாட்டிலிருந்து தருவித்த லினக்ஸ் போன். உலகத்திலேயே நேர்மையான போன் அதுதான். அதில் நிரல் எழுதலாம், சர்வரைக் கவனிக்கலாம், வேண்டுமானால் முழுத் தொழிற்சாலையையே நடத்தலாம். கூப்பிட்டால் மட்டும் நான் பேசுவது எதிராளிக்குக் கேட்காது. நண்பகலுக்குள் சார்ஜ் இறங்கிவிடும். பாக்கெட்டில் வைத்தால் தொடை சுடும். இன்று காலை முழுவதும் அதன் ஸ்பீக்கரோடு மல்லுக்கட்டினேன். சாயங்காலம் ஒலி வந்தது, தொடுதிரை போய்விட்டது.

"வேலில போன ஓணான எடுத்து மடில உட்டுக்கிட்டீங்க" என்றாள் சுகந்தி. அவள் தன் வாட்ஸ்அப் போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். கதவுக்குப் பின்னால் யாருடனோ மெதுவாகப் பேசுவது கேட்டது. "அழுவாத சாமி, அழுவாத" என்றாள். யார் என்று கேட்டேன். அக்கா பெண்ணாம். மாமியாரோடு ஏதோ தகராறாம். பாவம்.

செப்டம்பர் 28, ஞாயிறு

சர்வரை ஏற்றிய நாளிலிருந்து ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. பெரிய பெரிய கம்பெனிகளின் சேவையெல்லாம் படுத்துவிட்டது என்று செய்தி வருகிறது. என்னுடையது ஃப்ரிட்ஜ் மேல் அசராமல் உட்கார்ந்திருக்கிறது.

மிருதுளா இந்த மாதம் ஒரு முறைகூட அதில் வரவில்லை. நேரமில்லை போலிருக்கிறது. முதல் வருடம் அப்படித்தான். படிக்கிற பிள்ளை அப்பனோடு அரட்டை அடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இருந்தாலும் ராத்திரி சாப்பிட்டதும் ஒருதரம் சர்வருக்குள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். பராமரிப்புக்காக.

அக்டோபர் 16, வியாழன்

தீபாவளிக்கு மிருதுளா வந்துவிட்டாள். இளைத்திருக்கிறாள். ஹாஸ்டல் சப்பாத்தி.

லேப்டாப்பைப் பார்க்கக் கேட்டேன். கீ மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள்கூட இன்னும் உரியவில்லை. திறந்து பார்த்தால் நான் செய்த அமைப்பெல்லாம் அப்படியே, செப்டம்பருக்குப் பிறகு புதுக் கோப்பு ஒன்றுகூடச் சேர்க்காமல். பொருளைப் பேணத் தெரிந்த பிள்ளை.

வழிகாட்டி உதவியதா என்று கேட்டேன். "உம்" என்றாள்.

அக்டோபர் 18, சனி

மிருதுளா இரண்டு நாளாக என்னோடு கம்பெனிக்கு வருகிறாள். தீபாவளி போனஸ் கணக்கு மலைபோல் கிடக்கிறதாம், லோகாம்பாள் அக்காவுக்கு ஒத்தாசை செய்கிறாளாம். விடுமுறையில் மற்ற பிள்ளைகள் போனை நோண்டிக்கொண்டு கிடக்கும். இவள் பைலைத் தூக்கிக்கொண்டு ஸ்டோர் ரூமுக்கும் ஆபீசுக்கும் நடக்கிறாள்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். இட்லி, கறிக்குழம்பு. மிருதுளா இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டாள்.

போபாலுக்குத் திரும்ப டிக்கெட் எடுத்தாயிற்றா என்று சுகந்தியிடம் கேட்டேன். "பாத்துக்கலாங்க" என்றாள். ரயிலில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருக்கிற நேரத்தில் பார்த்துக்கொள்ளலாமாம்.

அக்டோபர் 22, புதன்

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

தீபாவளி கழிந்து பாதி ஆட்கள்தான் வந்திருந்தார்கள். புது நெட்வொர்க் ஒயர் எடுக்க ஸ்டோர் ரூமுக்குள் போனேன். சீட்டுக்குப் போடும் ரெக்சின் சுருள்கள் ஆள் உயரத்துக்குச் சுவர் போல அடுக்கியிருந்தன. பின்னால் மவுஸ் சொடுக்கும் சத்தம். எட்டிப் பார்த்தேன். ஒரு மேஜை, ஒரு கணினி, ஒரு பிரிண்டர். திரையில் விண்டோஸ். அதன் முன்னால் என் மகள்.

லோகாம்பாள் அக்கா கையில் டீ டம்ளரோடு நின்றிருந்தார்.

"தம்பி, கோவிச்சுக்காதீங்க. நீங்க போட்டுக் குடுத்ததுல பில்லு போட்டா ஆடிட்டர் திருப்பித் திருப்பி அனுப்பறாருங்க. அதான் இதுல போட்டு, பென்டிரைவ்ல உங்களுதுக்கு மாத்திக்கறனுங்க."

"எத்தனை நாளா?"

"நீங்க மாத்துன அடுத்த வாரத்துல இருந்துங்க."

"முதலாளிக்குத் தெரியுமா?"

அக்கா தரையைப் பார்த்தார். "அவருதாங்க ரெக்சின இப்படி மறைப்பா அடுக்கச் சொன்னாரு. நாச்சிமுத்து மனசு சங்கடப்படும், வேண்டாம்னாரு."

அப்படியென்றால் வெல்டர் முதல் வாட்ச்மேன்வரை எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. ஒரு வருடமாக ஊரே சேர்ந்து என்னைக் குழந்தையைப் போல ஏமாற்றியிருக்கிறது. எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் அதை அங்கேயே விட்டுவிட்டேன், ஏனென்றால் மிருதுளா நாற்காலியிலிருந்து எழவே இல்லை. திரையில் ஒரு வீட்டின் படம். இதுவரை அவள் வரைந்த எதையும் நான் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"ஒத்தாசைன்னியே அம்மிணி" என்றேன்.

"என்னோட வேலைங்கப்பா. இத முடிச்சு அனுப்பலீனா இந்த செமஸ்டர் போயிரும்." பிறகு, "முடிச்சும் என்ன பண்றது. நான் திரும்பிப் போகலீங்கப்பா. அம்மாகிட்டச் சொல்லிட்டேன். இங்கியே பி.காம். சேந்துக்கறேன்" என்றாள்.

அக்கா டம்ளரை வைத்துவிட்டு நழுவினார். மிருதுளா திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். செப்டம்பரில் முதல் ஜூரி. மாணவர்கள் வரைந்ததை ஆசிரியர்கள் முன்னால் பெரிய திரையில் போட்டு விளக்க வேண்டுமாம். என் வழிகாட்டிப்படி வரைந்து, என் வழிகாட்டிப்படி கோப்பை மாற்றிச் சேமித்துக் கொண்டுபோயிருக்கிறாள். கல்லூரிக் கணினியில் திறந்ததும் கோடெல்லாம் இடம் மாறிக் கிடந்திருக்கிறது.

"படிக்கட்டு கூரைக்கு வெளிய நின்னுச்சுங்கப்பா. இந்த வீட்ல யாரு குடியிருப்பா, காக்காவான்னு ஒரு சார் கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கும் சிரிக்கறதா அழறதான்னு தெரியல."

அதற்குப் பிறகு அறைத்தோழியின் லேப்டாப்பை அவள் தூங்குகிற நேரத்தில் வாங்கி வாங்கி வேலை செய்திருக்கிறாள். தோழிக்கும் எத்தனை நாள் பொறுமை இருக்கும்? ஒரு நாள் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டாளாம், உனக்குத்தான் லேப்டாப் இருக்கிறதே என்று.

"என்கிட்டச் சொல்றதுக்கென்ன?" என்றேன். சத்தமாகத்தான் கேட்டேன்.

அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தாள். "சொன்னனுங்கப்பா. ஆகஸ்ட்லயே சொன்னேன். நீங்க புஸ்தகம் அனுப்புனீங்க."

ஒயரை எடுக்காமலே வந்துவிட்டேன்.

அக்டோபர் 23, வியாழன்

கோபம். யார்மேல் என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

அக்டோபர் 24, வெள்ளி

இன்று காலை சுகந்தியிடம் கத்தினேன். பெற்ற அப்பன் ஒருத்தன் வீட்டில் இருக்கும்போது மகள் படிப்பை விடுவது அவனுக்குத் தெரியக் கூடாதா, போனில் அழுதது அக்கா பெண் என்று எப்படிப் பொய் சொல்வாய் என்றெல்லாம் கேட்டேன்.

தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு அவள் நிதானமாகச் சொன்னாள். "தினமும் ஒம்பது மணிக்கு எனக்குக் கூப்புடுவா. அப்பாகிட்டப் பேசறயான்னு தினமும் கேப்பேன். வேண்டாம்மான்னுதான் சொல்லுவா. புள்ள ஒரு வார்த்த கேட்டா நீங்க பாடம் நடத்தறீங்க. தல வலிக்குதுன்னா தைலம் தேச்சு உடோணும். தலைக்குள்ள என்ன இருக்குதுன்னு பொஸ்தகம் எழுதுனா?"

ஒன்பது மணி. ராத்திரி சாப்பிட்டதும் நான் சர்வருக்குள் போய்ப் பார்க்கிற நேரம். நான் முன்னறையில் அவள் வருகிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் சமையலறையில் அம்மாவின் போனில் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள்.

எனக்கு அழுகை வந்தது. மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 25, சனி

கம்பெனிக்கு லீவு சொன்னேன். காலையில் சாப்பாட்டு மேஜையில் மிருதுளாவின் லேப்டாப்பை வைத்து விண்டோஸ் ஏற்ற உட்கார்ந்தேன்.

"நான் பண்ணிக்கறேங்கப்பா" என்றாள்.

"துடைச்சவன் நானு. நானே போட்டுத் தர்றேன்."

வீட்டுக் கணினியில் கடைசியாக நான் இதை ஏற்றியது அவள் பிறப்பதற்கு முன்னால். எங்கெங்கோ கையெழுத்துக் கேட்கிற ரிஜிஸ்டர் ஆபீஸ் மாதிரி அது கேள்விமேல் கேள்வி கேட்டது. உன் பேர் என்ன, உன் மெயில் என்ன, நீ எங்கே இருக்கிறாய், விளம்பரம் காட்டட்டுமா. என் வாய் சும்மா இருக்குமா? "இவனுக்கு எதுக்கு என் ஊரு?" என்றேன். மிருதுளா வாயைப் பொத்திக்கொண்டாள். பாதியில் அது தானாக அணைந்து தானாக எழுந்தது. இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்றது. "பொறுத்துப் பொறுத்துத்தான் இவனை வீட்ட உட்டே தொரத்துனேன்" என்றேன். அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். இந்தத் தடவை ஊருக்கு வந்ததிலிருந்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

மதியம் அவளுடைய வரைபட மென்பொருளும் உள்ளே போய்விட்டது. லினக்ஸுக்கு இடமே வைக்க வேண்டாம் என்று நினைத்தேன். "அதும் ஒரு ஓரத்துல இருக்கட்டுங்கப்பா" என்றாள். இருக்கட்டும் என்று விட்டேன்.

பிறகு சொன்னேன். "நீ போறதும் போகாததும் உன் இஷ்டம் கண்ணு. பி.காம். படிச்சாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா நான் குடுத்த மெஷினால நீ திரும்பி வந்தேன்னு இருந்தா, அத என்னால தாங்க முடியாது."

அவள் ஸ்டோர் ரூமில் பாதியில் நின்ற வீட்டைத் திறந்தாள். அருமையான மென்பொருள் அது, ஒத்துக்கொள்கிறேன். எந்தக் கோப்பு, எந்த வடிவம் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, "இந்த வீட்ல யாரு கண்ணு இருப்பாங்க?" என்று கேட்டேன்.

ஒரு நர்ஸும் அவளுடைய அம்மாவும் என்றாள். நர்ஸுக்கு ராத்திரி டூட்டி, பகலில் தூங்க வேண்டும். அம்மாவுக்குப் பகலில் அக்கம்பக்கத்தாரோடு பேச வேண்டும். அதனால் படுக்கையறையை எங்கே தள்ளினாள், சத்தம் போகாமல் சுவரை எப்படித் திருப்பினாள், மதிய வெயிலை எங்கே மறித்தாள் என்று சொல்லிக்கொண்டே போனாள். நடுவில் நான் வாயே திறக்கவில்லை. என் மகள் இவ்வளவு கெட்டிக்காரி என்று எனக்குத் தெரியாது. மார்க் தெரியும். இது தெரியாது. பெருமையாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

சாயங்காலம் சுகந்தியிடம் டிக்கெட் பார்க்கச் சொன்னாள்.

அக்டோபர் 28, செவ்வாய்

மிருதுளா நேற்றுப் புறப்பட்டாள். ஜூரி வரைக்கும் பார்க்கிறாளாம், அதற்குப் பிறகுதான் முடிவாம். சரி என்றேன்.

ஸ்டோர் ரூமிலிருந்த கணினியை நானே தூக்கிக்கொண்டு வந்து லோகாம்பாள் அக்கா மேஜைமேல் வைத்தேன். வெல்டிங் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். "ரெக்சின் சுருளை எடுத்துப் பழையபடி அடுக்குங்கப்பா, எலி சேருது" என்று சத்தம் போட்டேன். முதலாளி அறைக் கதவை லேசாகச் சாத்திக்கொண்டார்.

வரும் வழியில் ஜவஹர் பஜாரில் எல்லாரும் வைத்திருக்கிற மாதிரி ஒரு போன் வாங்கினேன். வாட்ஸ்அப்பில் குடும்பக் குழுவில் சேர்த்தார்கள். அதில் என் மாமியார்கூட இருக்கிறார். நான் மட்டும்தான் பாக்கியாக இருந்திருக்கிறேன்.

நவம்பர் 9, ஞாயிறு

ஒன்பது மணிக்கு என் போனில் மிருதுளா. படம் மூன்று முறை உறைந்து நின்றது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. என் சர்வரில் இதைவிட நன்றாகவே வரும், சத்தியமாக வரும். நான் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. ஹாஸ்டலில் எருமைப் பால் தயிர் நன்றாக இருக்கிறதாம்.

நவம்பர் 23, ஞாயிறு

சர்வரை நிறுத்தவில்லை. தோல்வி என்று யாரும் நினைக்க வேண்டாம். அதில் இப்போது மாடித் தண்ணீர்த் தொட்டியின் அளவு தெரிகிறது. தொட்டி நிரம்பினால் மோட்டார் தானாக நிற்கும். சுகந்திக்கு இது பிடித்திருக்கிறது. வெளியே சொல்ல மாட்டாள்.

டிசம்பர் 6, சனி

மதியம். சேசிஸ் ஒன்று உள்ளே வந்துகொண்டிருந்தது, ஒரே இரைச்சல். போன் அடித்தது. மிருதுளா. ஒன்பது மணி ஆகவில்லையே என்று பதறி வெளியே ஓடினேன்.

ஜூரி முடிந்துவிட்டதாம். நர்ஸ் வீட்டைத் திரையில் போட்டதும் அதே சார் எழுந்து கிட்டே வந்து பார்த்தாராம். அந்தப் படுக்கையறைச் சுவரைப் பற்றி மட்டுமே பத்து நிமிடம் கேட்டாராம். பாஸ். அடுத்த செமஸ்டருக்குப் பணம் கட்டச் சொல்லிவிட்டாள். "அம்மாகிட்டச் சொல்லுங்கப்பா" என்றாள். இதோ இப்பவே சொல்கிறேன் என்றேன்.

வைக்கப் போனவள் நிறுத்தினாள்.

"அப்பா, இன்னொண்ணு இருக்குது. இத அம்மாகிட்ட இப்பச் சொல்லாதீங்க. மொதல்ல உங்ககிட்டதான் சொல்றேன்."

சொன்னாள். தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். அது என்னவென்று இந்த நோட்டில்கூட எழுத மாட்டேன். எனக்கு அதில் கேட்க ஆயிரம் இருந்தது, சொல்ல இரண்டாயிரம் இருந்தது. ஒன்றையும் சொல்லவில்லை. அவள் முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை பஸ்ஸின் நிழலில் நின்று கேட்டேன்.

"சரி கண்ணு" என்றேன். "எப்பத் தோணுதோ அப்பக் கூப்புடு."

வீட்டுக்கு வந்து பாஸான செய்தியைச் சொன்னேன். சுகந்தி சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றாள். திரும்பி வந்து, வேறு ஏதாவது சொன்னாளா என்று கேட்டாள்.

தயிர் நன்றாக இருக்கிறதாம் என்றேன்.